கை ஓங்கிப் பார்த்தவர்

மரக்கிடங்கில் அவருக்குப் பெயர் மோப்பக்காரர். நாய் பழக்குகிறவர் என்பதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் அதைவிட அதிகமாக யோசிப்பார். தபால்காரர் மாறினால், பழையவர் என்ன ஆனார் என்று நாலு இடத்தில் விசாரித்த பிறகுதான் புதியவரிடம் கடிதத்துக்குக் கை நீட்டுவார். அப்படி ஒரு பிறவி.

முப்பத்தோரு வருடமாக அதே கிடங்குதான். இரண்டு ஏக்கர் இடம், அடுக்கடுக்காகப் பலகையும் கட்டையும், நாலு மூலைக்கு நாலு காவல் நாய். நாயைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, கிழடாகிவிட்டால் மாற்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இதுவரை நாற்பத்து மூன்று நாய்கள் அவர் கையால் சாப்பிட்டிருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் தடவிக் கொடுத்ததில்லை. தடவினால் நாய் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. பகலில் கட்டிப்போட வேண்டும். ஒரே ஆள்தான் சாப்பாடு வைக்க வேண்டும். கையில் ஒரு குச்சி எப்போதும் இருக்க வேண்டும், அதை வேண்டிய அளவுக்குப் பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். நாய் என்பது வாசலுக்கு வெளியே இருக்கிற ஜீவன்; படி தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதை நாய்க் கணக்கிலேயே அவர் சேர்ப்பதில்லை.

நாய் வாங்கும்போது அவர் ஒரு சோதனை வைப்பார். விற்க வந்தவன் அதன் அருமை பெருமையை அளந்துகொண்டே இருப்பான். இவர் அதைக் காதில் வாங்காமல் நாய்க்கு எதிரே போய் நின்று, சட்டென்று வலது கையை ஓங்குவார். பின்வாங்கி உறுமினால் நல்ல நாய், வாசலுக்கு ஆகும். ஒன்றும் புரியாமல் முழித்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்த நாய், ஆறு மாதத்தில் தேற்றிவிடலாம். வயிறு தரையில் பட அப்படியே படுத்துவிட்டால் மட்டும் அடுத்த பேச்சே கிடையாது.

"இது அடி வாங்கின நாய்ப்பா. அளவுக்கு மீறி வாங்கியிருக்கு. கூட்டிட்டுப் போயிடு" என்பார்.

அந்தச் சோதனை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை என்று அவரே சொல்லுவார். மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் வந்ததில்லை என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. முன்னால் சிமெண்டு போட்ட சின்ன முற்றம், உள்ளே இரண்டு அறை, பின்னால் சமையலறை. மனைவி அதிகம் பேசாதவள். மத்தியான வேளையில் ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பாள். அவர் ஒன்று சொன்னால் "சரிங்க" என்பாள். ஊரே நம்பத் தகாதது என்று நினைத்த மனிதர், இந்த ஒரு 'சரிங்க'வை மட்டும் ஒரு தடவைகூடத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரே மகள். படிக்க வைத்து, கல்யாணம் செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பி ஆறு வருடமாகிறது. மாப்பிள்ளையைப் பற்றி ஏழு இடத்தில் விசாரித்தார். முடி வெட்டுகிறவர் வரை போய்த் தூண்டித் துருவினார். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. குறையே இல்லாத மனுஷன் எங்கே இருக்கிறான்? இருந்தாலும் மகள் பிடிவாதமாக நின்றதால் தலையாட்டிவிட்டார்.

அந்த மகள்தான் ஒரு சனிக்கிழமை காலையில் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கூடவே மூன்று பெட்டி, மடக்கி வைத்த ஒரு கம்பிக் கூண்டு, செம்பழுப்பு நிறத்தில் காது தொங்கிய ஒரு நாய். மாப்பிள்ளையைக் காணோம்.

இருவரும் இனி இங்கேயே வந்துவிடப் போவதாகவும், ஊரின் மறுகோடியில் வீடு பார்த்து வைத்திருப்பதாகவும் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஆனால் சேர்ந்துதானே வருவதாகப் பேச்சு?

"வெயில் மாசம் தொடங்கிட்டா விமானத்துல நாயை ஏத்த மாட்டாங்கப்பா. அதான் நான் இவனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அவரு அங்க வீட்டைக் காலி பண்ணிட்டு அஞ்சு வாரத்துல வந்துடுவாரு."

"நாய்க்காகவா?"

"ஆமாப்பா."

"ஒரு நாய்க்காகப் புருஷனை விட்டுட்டு வந்தியா?"

"விட்டுட்டு வரலப்பா. முன்னாடி வந்தேன்."

காது குத்துகிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாய்க்கு வெயில் ஆகாது என்பதற்காக ஒரு குடும்பம் தன் பயணத்தையே மாற்றிக்கொள்ளும் என்பதை நம்ப அவர் என்ன நேற்றுப் பிறந்தவரா? பெண் தனியாக வந்திருக்கிறாள், மூன்று பெட்டியோடு வந்திருக்கிறாள். இதற்கு உலகத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதை அவள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான் பாக்கி.

நாய்க்கென்று ஒரு கோப்பு இருந்தது. ஊசி போட்ட சான்று, பல் பார்த்த சான்று, தோலுக்கடியில் அடையாள எண் சில்லு வைத்த சான்று, புகைப்படம் ஒட்டிய பயிற்சி வகுப்புச் சான்றிதழ். அதைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருடைய முப்பத்தோரு வருட வேலைக்குக் கிடங்கு முதலாளி கொடுத்த ஒரு கைக்கடிகாரம்தான் சாட்சி. அதுவும் ஓடவில்லை.

நாய்க்கு அங்கே வைத்த பெயர் மனைவியின் நாக்கில் புரளவில்லை. அவள் செவலை என்று கூப்பிட, அதுவும் அன்றைக்கே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் முறைத்ததற்கு, "அஞ்சு வாரந்தாங்க" என்று மனைவி சொன்னாள். வழக்கமான 'சரிங்க'வுக்குப் பதில் இது வந்ததே என்று அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் கவனமெல்லாம் நாய்மேல் இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க எதுவும் சரியாகப் படவில்லை.

முதலில் கூண்டு. மகள் அதை விரித்து அறை மூலையில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டாள். மாலையானதும் நாய் யாரும் சொல்லாமல் தன் காலால் நடந்துபோய் அதற்குள் படுத்துக்கொண்டது. அவர் கிடங்கில் கூண்டு என்றால் கடித்த நாய்க்குத் தண்டனை.

"என்ன பாப்பா, ஜெயில்ல போட்டு வளர்த்தீங்களா?"

"ஜெயில் இல்லப்பா, அது அவனோட ரூம். கதவு திறந்துதானே இருக்கு, பாருங்க."

திறந்திருந்தும் உள்ளே போகிறது என்றால் வெளியே எதற்கோ பயந்து ஒளிகிறது என்று அவர் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அப்புறம் குரைப்பு. சிலிண்டர்காரர் சமையலறை வரை போய், பழையதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். செவலை வாலை ஆட்டி வழியனுப்பி வைத்தது. மோப்பக்காரருக்கு மானம் போனது.

"அங்க நாய் குரைச்சிக்கிட்டே இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க புகார் எழுதிப் போட்டுடுவாங்கப்பா. அதனால குரைக்காம இருக்கப் பழக்குவாங்க."

"குரைக்காத நாய் எதுக்கு?"

"கூட இருக்கத்தான்."

கூட இருக்க மாப்பிள்ளை இருந்தாரே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். ஆனால் மனசில் அடுத்த குறிப்பு ஏறிவிட்டது: கூட இருக்க நாய் தேவைப்பட்டிருக்கிறது.

சாப்பாட்டுத் தட்டை வைத்தால் நாய் பாய்ந்து விழவில்லை. எச்சில் ஒழுக உட்கார்ந்து மகள் முகத்தையே பார்த்தது. அவள் தலையசைத்த பிறகுதான் வாய் வைத்தது. பசித்த நாய் தட்டுக்கு முன்னால் காத்திருக்குமானால், காத்திருக்காமல் போன நாளில் அதற்கு என்ன நடந்திருக்கும்? அவருக்குத் தெரியும். அவருடைய நாய்களுக்கு என்ன நடக்குமோ அதுதான்.

தெருவுக்கு மட்டும் நல்ல வேடிக்கை கிடைத்தது. வெளிநாட்டில் இருந்து வந்த படித்த பெண், நாய் வெளிக்கு இருந்து முடித்ததும் குனிந்து, அதைப் பையில் அள்ளி முடிச்சுப் போட்டுக் கையில் கொண்டுபோவதைப் பார்க்க முதல் இரண்டு நாள் ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டுத் தையல்காரர், "வெளிநாட்டுப் பொருள் எதுவும் வீணாகக் கூடாதுன்னு எடுத்துட்டுப் போறாங்களா அண்ணே?" என்று கேட்டார். மோப்பக்காரர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பத்தாம் நாள் அதே தையல்காரரின் துணி மூட்டையை முகர்ந்து பார்க்க நாய் போனது. அவர் "ச்சூ" என்று சொல்லி, குனிந்து தரையில் கல் எடுத்தார். அந்தத் தெருவில் பிறந்த எந்த நாயும், விரல் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் நாலு வீடு தள்ளிப் போயிருக்கும். அதற்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. செவலையோ முன்னங்காலை அகட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலைச் சுழற்றிக்கொண்டு அவர் கையையே கண்கொட்டாமல் பார்த்தது. எறியப் போகிற ஆளே திகைத்து நின்றார். நாய் பொறுமையிழந்து ஒருமுறை குரைத்தது. இந்த ஊருக்கு வந்து அது குரைத்தது அப்போதுதான். தையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் கல்லை ஓரமாக வீசினார். அது பாய்ந்தோடிப் போய் அதே கல்லைக் கவ்விக்கொண்டு வந்து அவர் செருப்பின் மேல் வைத்துவிட்டு, மறுபடியும் அகட்டி நின்றது.

தெருவே சிரித்தது. மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாசலில் நின்றிருந்த மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மோப்பக்காரர் சிரிக்கவில்லை. கல்லென்றால் என்னவென்றே தெரியாத நாய் என்று யோசித்துக்கொண்டே கிடங்குக்குப் போனார். நாள் முழுக்க அது மண்டையைக் குடைந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மனைவி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாய் கூடத்தின் நடுவில் நின்று அவரைப் பார்த்தது. இத்தனை நாள் இதை எப்படி மறந்தோம் என்று அவருக்கே தோன்றியது. நேராகப் போய் நின்று வலது கையை ஓங்கினார்.

நாய் வயிறு தரையில் பட அப்படியே படுத்துவிட்டது.

அவர் ஓங்கிய கையை இறக்கினார். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கல்லுக்குப் பயமில்லை, கைக்குப் பயம். தெருவில் யாரும் அதைத் துன்புறுத்தவில்லை. அடி விழுந்த இடம் வீட்டுக்குள்ளே. மகள் கையாக இருக்க முடியாது. அவள் எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாள். அந்த வீட்டில் இருந்த இன்னொரு கை யாருடையது என்று சொல்ல ஜோசியரா வேண்டும்? நாயின்மேல் ஓங்கின கை நாயோடு நின்றிருக்குமா என்பதுதான் கேள்வி. தன் குழந்தையை நாடு விட்டு நாடு அனுப்பி, அங்கே ஒருவனிடம் அடி வாங்க வைத்துவிட்டோமே என்று அன்று சாப்பிடாமலே கிடங்குக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதற்கே சாட்சியாக இருந்தது. மகள் முழுக்கைச் சட்டை போட்டாள், எதை மறைக்கிறாள்? மாப்பிள்ளை போனில் கூப்பிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். போனில் அவன் குரல் கேட்டாலே நாய் ஈனக் குரலில் முனகி, சுற்றிச் சுற்றி வந்தது. அம்மாவும் பெண்ணும் சமையலறையில் கிசுகிசுவென்று பேசுவார்கள், அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் மெல்லத் தூண்டில் போட்டார்.

"மாப்பிள்ளைக்குக் கோபம் வருமா பாப்பா?"

"எல்லாருக்கும் வரும்தானேப்பா."

"வந்தா என்ன பண்ணுவாரு?"

"பாத்திரம் கழுவுவாரு. சத்தமா."

பெண் தேறிவிட்டாள், மறைக்கப் பழகிவிட்டாள் என்று அவர் பெருமூச்சு விட்டார்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலையில், தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். நாய் படுத்ததில் தொடங்கி முழுக்கைச் சட்டை வரை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நாளைக்கு அவன் வந்து கூப்பிட்டாலும் பாப்பாவை அனுப்பப் போறதில்ல. கை ஓங்குற ஆள்கூட என் பொண்ணு ஒருநாள்கூட இருக்க வேண்டாம். இதான் முடிவு. இதுல நீ குறுக்க வராத."

தையல் இயந்திரம் நின்றது. அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்படியா முடிவு பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு மறுபடி இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள்.

ஞாயிறு பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மெலிந்த உடம்பு, கண்ணாடி, தோளில் ஒரு பை. வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், நாய் அவர்மேல் பாய்ந்து, கீழே தள்ளாத குறையாக முகமெல்லாம் நக்கித் தீர்த்தது. மோப்பக்காரருக்கு ஒரு கணம் உறுதி ஆடியது. ஆனால் அவருக்கா பதில் கிடைக்காது? அடிக்கிற எஜமானைக் கண்டாலும் நாய் இப்படித்தான் ஆடும், பயந்த நாய் இன்னும் கூடுதலாகவே ஆடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை. உட்காருங்க. ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லுங்க மாமா."

"காபி வரட்டும்ப்பா, அவரு இப்பதானே வந்தாரு" என்றாள் மகள்.

"காபி வரும். அதுக்குள்ள பேசிடலாம். நான் முப்பத்தோரு வருஷமா நாய் பார்க்கிறவன் மாப்பிள்ளை. மனுஷன் பொய் சொல்லுவான், நாய்க்குச் சொல்லத் தெரியாது. நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு இந்த நாய் எனக்குச் சொல்லிடுச்சு."

மாப்பிள்ளை தன் மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"பாருங்க" என்று எழுந்து, நாய்க்கு எதிரே போய்க் கையை ஓங்கினார். நாய் தொப்பென்று படுத்தது. "பார்த்தீங்களா? அடி வாங்காத நாய் எதுக்கு இப்படிப் படுக்கணும்? நாயை அடிச்ச கை பொண்டாட்டியை மட்டும் தடவிக் கொடுத்திருக்குமா? என் பொண்ணை உங்களோட அனுப்ப முடியாது."

மகள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரலில், "ஐயோ அப்பா" என்றாள்.

அவள் எழுந்து வந்தாள். நாயை எழுப்பி நிற்க வைத்தாள். தன் கையை மெல்ல மேலே தூக்கினாள். நாய் படுத்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் துண்டை எடுத்து அதன் வாயில் போட்டாள்.

"கையைத் தூக்கினா படுக்கணும்னு பழக்கியிருக்குப்பா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறப்போ கார் வந்தா கத்தினாலும் கேக்காது, தூரத்துல இருந்து கையைக் காட்டினா அப்படியே படுத்துடணும். நாலு மாசம் வகுப்புக்குப் போனோம்."

"நாயை வகுப்புல சேர்த்தா இதையா சொல்லித் தருவாங்க?"

"அது நாய்க்கான வகுப்பு இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் முகம் சிவந்திருந்தது, ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்குத்தான் சொல்லித் தந்தாங்க. நாய் சும்மா கூட வந்துச்சு."

முப்பத்தோரு வருடப் படிப்பை ஒரு பிஸ்கட் துண்டு தின்றுவிடுவதா? மோப்பக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. கூட்டுச் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார்.

"யாருக்குப் பூ சுத்துறீங்க? எனக்கா? மெதுவாத் தூக்கினா எல்லாந்தான் படுக்கும். இப்ப பாருங்க!" என்று கத்திக்கொண்டே, உடம்பை முறுக்கி, நிஜமாகவே அடிக்கப் போகிற வேகத்தில் கையை ஓங்கினார்.

பின்னால் பாத்திரம் விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். சமையலறை வாசலில் மனைவி. மாப்பிள்ளைக்காக எடுத்த பீங்கான் கோப்பைகள் நாலும் தட்டோடு தரையில் சிதறிக் கிடந்தன, காபி அவள் பாதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை உணரவில்லை. முழங்கை முகத்துக்கு முன்னால் ஏறியிருந்தது. தாடை தோளோடு ஒட்டியிருந்தது. கண்களை இறுக மூடி, முட்டி மடங்கி, சுவரோடு சுவராக ஒடுங்கி நின்றாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் எட்டு அடியாவது இருக்கும்.

நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. காது தளர்ந்திருந்தது. வால் தரையில் தப்தப்பென்று தட்டிக்கொண்டிருந்தது. பிஸ்கட் எங்கே என்று அவர் கையைப் பார்த்தது.

நாற்பத்து மூன்று நாய்களைப் படித்த மனிதர். அடி வாங்கின நாய் வாலை ஆட்டாது, வயிற்றுக்குள் சுருட்டிக்கொள்ளும், கண்ணைப் பார்க்காது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! இந்த வாலைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த இன்னொரு முகம் திரும்பியிருந்த விதத்தைப் படிக்கவும் முப்பது வருடத்தில் தோன்றியதில்லை. இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் படித்தார். படித்துவிட்ட பிறகு படிக்காததுபோல் இருக்க வழியில்லை.

கை ஓங்குவதை நிறுத்திப் பதினைந்து வருடமாகிறது என்று சொல்ல வாயெடுத்தார். மகள் பெரியவளான பிறகு ஒருநாள்கூட இல்லை என்பது உண்மைதான். அதை ஒரு பெருமையாகவே மனசில் வைத்திருந்தார். அதற்கு முன்னாலும் வேண்டிய அளவுக்கு மேல் போனதில்லை என்றுதான் நினைத்திருந்தார். அந்த அளவு எது என்று யார் முடிவு செய்தது என்று முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டார். வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை எதிரில் என்பதால் அல்ல. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை என்பதால்.

"கை தவறிடுச்சு" என்றாள் மனைவி, கடைசியில் கண்ணைத் திறந்து. யாரும் கேட்காமலே சொன்னாள்.

மகள் அவளருகில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தபோது அவள் முகத்தில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நேத்து நீங்க சொன்னதை அம்மா சொன்னாங்கப்பா, யாரைப் பத்தின்னு மட்டும் சொல்லல. கை ஓங்குற ஆள்கூட ஒருநாள்கூட இருக்க வேண்டாம்னு. நல்ல முடிவுதான்" என்றாள். "அம்மாவைக் கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வந்த நாளா அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். அம்மாதான் இன்னும் பதில் சொல்லல" என்றாள்.

மாப்பிள்ளை நாயைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நல்ல மனிதர், எப்போது அங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

மோப்பக்காரர் மனைவியை நோக்கி ஒரு அடி வைத்தார். என்ன செய்ய நினைத்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் தோளைத் தொடலாம் என்று இருந்திருக்கும். கை அசைந்ததுமே அவள் கண் அந்தக் கைக்குப் போனது. அவர் நின்றுவிட்டார். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து, உடைந்த பீங்கான் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

"விடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவள். ஆனால் நகரவில்லை. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மெல்ல வந்து எதிரே உட்கார்ந்தாள்.

இருவரும் துண்டுகளைப் பொறுக்கினார்கள். காபி தரையில் ஆறிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வரேங்க. கொஞ்ச நாள்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

ஏன், எத்தனை நாள், யார் சொல்லிக் கொடுத்தது என்று அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும் கேள்விகளில் ஒன்றும் வரவில்லை. போ என்பதுபோல் தலையை ஆட்டினார். வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

"திரும்பி வருவேல்ல?"

அவள் கையிலிருந்த துண்டுகளைத் தட்டில் போட்டாள்.

"கையைப் பார்த்து வைங்க" என்றாள். "அங்க ஒரு துண்டு கிடக்கு."